‘கால் வரலை’

உடல் பருமன் அறுவைச் சிகிச்சைக் குழுக்களில் பணியாற்றும் மருத்துவர்கள், உணவியல் நிபுணர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள் அனைவருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழர்களுக்கு,



நம் ஓபி சீட்டுகளில் மருந்துப் பெயர்களுக்குக் கீழே தவறாமல் ஒரு வரி இருக்கும்: ‘தினமும் 45 நிமிடம் நடைப்பயிற்சி.’ அறுவைச் சிகிச்சைக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் எல்லோருக்கும் அதை எழுதுகிறோம். அடுத்த மாதம் வரும்போது, “நடந்தீங்களா?” என்று கேட்கிறோம். அவர் தலையைக் குனிகிறார். “இப்படி இருந்தா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனம் இல்லம்மா” என்கிறோம். கேஸ் ஷீட்டில் ‘ஒத்துழைப்புப் போதாது’ என்று குறித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறோம்.

இயன்முறை மருத்துவராக நானும் பல ஆண்டுகள் அந்த வரியை எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியை அதே தொனியில் கேட்டிருக்கிறேன். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தவர் ஒரு சத்துணவு அமைப்பாளர்.

அவருக்கு வயது 46. எடை 118 கிலோ. சர்க்கரை, ரத்த அழுத்தம், இரண்டு முட்டியிலும் வலி. ஸ்லீவ் அறுவைக்கு முந்தைய பரிசோதனைகளில் ஒன்றாக, ஆறு நிமிட நடைச் சோதனைக்கு என்னிடம் அனுப்பியிருந்தார்கள். 30 மீட்டர் தூரத்தின் இரு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் எளிய சோதனை. எங்களிடம் அதற்குத் தனி இடம் கிடையாது. ஓபி நடைகூடத்திலேயே செய்வோம். இரண்டு பக்கமும் பெஞ்சு நிறைய ஆட்கள். இரண்டாவது சுற்றிலேயே அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். “முடியலை மேடம்.” விரலில் மாட்டியிருந்த கருவியைப் பார்த்தேன். ஆக்ஸிஜன் 97. நாடியும் பெரிதாக ஏறவில்லை. மூச்சு வாங்கவில்லை. முட்டி வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தார். எனக்கு எரிச்சல் வந்தது. ‘முயற்சி போதாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அன்று மாலை ஐந்தரை மணி இருக்கும். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக அதே நடைகூடத்தில் அவர் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலைந்திருந்தது. பைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய என்னைக் கூப்பிட்டு, “மேடம், இப்ப நடந்து காட்டட்டுமா?” என்று கேட்டார். நடந்தார். ஆறு நிமிடமும் நிற்காமல் நடந்தார். முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தபடி சொன்னார்: “காலையில அந்த பெஞ்சுல ரெண்டு பசங்க இருந்தாங்கல்ல. என்னைப் பார்த்து ஒருத்தனுக்கொருத்தன் காட்டிச் சிரிச்சுக்கிட்டானுங்க. அதுக்கப்புறம் கால் வரலை.”

கால் வரலை. அந்த இரண்டு சொற்களைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வேலைக்குச் சுணங்குபவரைத் திட்ட நம் ஊரில் ‘உடம்பு வணங்காதவ’ என்று ஒரு சொல் இருக்கிறது. பருமனான உடலைக் கண்டதும் அந்தச் சொல் நாக்கு நுனிக்குத் தானாக வந்துவிடுகிறது. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறோம். இந்த அம்மாளோ அரிசி பருப்பு அளந்து கொடுத்து, பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறி முடியும்வரை நின்றுகொண்டே வேலை பார்ப்பவர். அந்த உடம்பு வணங்கிய அளவுக்கு என் உடம்பு வணங்கியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

அசையாமை பருமனானவர்களின் தனிச்சொத்தும் இல்லை. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 14,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின் முடிவு 2014-இல் வந்தது. அதில் 54 சதவீதம் பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காகவோ விருப்பத்துக்காகவோ உடற்பயிற்சி செய்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. 2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான உலகளாவிய கணக்கு, 2022-இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேரும் ஆண்களில் 42 சதவீதம் பேரும் போதுமான அளவு அசையவில்லை என்கிறது. பாதி நாடு உட்கார்ந்திருக்கும்போது பருமனானவரை மட்டும் தனியே நிறுத்திச் சோம்பேறிப் பட்டம் கட்டுவது என்ன நியாயம்?

அறுவைக்குக் காத்திருப்பவர்கள் மற்றவர்களைவிடக் குறைவாக அசைகிறார்கள் என்பது உண்மை. உடலில் அசைவுமானி கட்டி அளந்த ஆய்வுகள் அதைக் காட்டியிருக்கின்றன. எடையும் மூட்டு வலியும் மூச்சிரைப்பும் அதற்குக் காரணம் என்பதும் உண்மை. ஆனால் ஒரே எடை, ஒரே மாதிரி எக்ஸ்ரே, ஒரே வயது உள்ள இருவரில் ஒருவர் கோயிலைச் சுற்றி வருகிறார், மற்றவர் வாசற்படி தாண்டுவதில்லை. இந்த வித்தியாசத்துக்கு விடை எக்ஸ்ரேயில் கிடையாது. அது மனதில் இருக்கிறது. அங்கே நாம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அதை விதைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

‘முட்டி தேஞ்சு போச்சு.’ எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி நம்மில் ஒருவர் எப்போதோ சொன்ன வாக்கியம். தேய்மானம் என்ற சொல் நம் மக்களின் காதில் எப்படி விழுகிறது என்று யோசித்திருக்கிறோமா? செருப்பு தேயும், டயர் தேயும், அம்மி தேயும். புழங்கப் புழங்கத் தேயும். தேய்ந்தது வளராது. மிச்சமிருப்பது நிலைக்க வேண்டுமானால் புழங்காமல் வைக்க வேண்டும். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் என்னிடம் சொன்னார்: “இருக்கிற முட்டிய ஆபரேஷன் வரைக்கும் பத்திரமா வச்சுக்கணும்ல மேடம்?” டீக்கடை வாசல்வரை வண்டியிலேயே போய் நிறுத்துவார். மாடியிலிருந்த குடித்தனத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது சோம்பல் கிடையாது, சிக்கனம். நாம் கொடுத்த சொல்லை வைத்து அவர் போட்ட கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொல்தான் தவறு.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. அழுந்தி விரியும்போது மூட்டு நீரிலிருந்துதான் அது ஊட்டம் பெறுகிறது. அசைவுதான் அதற்குச் சோறு. மூட்டைத் தாங்கும் தொடைத் தசை வலுவாக இருந்தால் வலியும் குறையும். இதை நாம் படித்திருக்கிறோம், பரீட்சையில் எழுதியிருக்கிறோம். ஆனால் நோயாளியிடம் ‘தேஞ்சு போச்சு’ என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் ‘நடங்க’ என்கிறோம். அசைந்தால் உடம்பு கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு 1990-லேயே ‘கைனீசியோபோபியா’ என்று மருத்துவம் பெயர் வைத்துவிட்டது. அதை அளக்க டாம்பா அளவுகோல் என்று 17 கேள்விகள் கொண்ட தாள் இருக்கிறது. வலி பயத்தைத் தரும், பயம் அசைவைத் தவிர்க்கச் சொல்லும், அசையாத தசை மெலியும், மெலிந்த தசை வலியைக் கூட்டும். இந்தச் சுழலில் வெட்டுவதற்கு எளிதான கண்ணி பயம்தான்.

நெஞ்சுப் பயம் இன்னொரு வகை. வீட்டில் யாரையாவது மாரடைப்புக்குப் பறிகொடுத்தவர்கள், நான்கு படி ஏறி நெஞ்சு படபடத்ததுமே உட்கார்ந்துவிடுவார்கள். பழக்கமில்லாத கனத்த உடல் சிறிய வேலைக்கே மூச்சு வாங்கும் என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பார்த்து ‘ஃபிட்னஸ்’ கொடுத்த பிறகு, நான் அவர்களோடு சேர்ந்து படியேறுவேன். விரலில் கருவியை மாட்டிவிட்டு, ஏறிய துடிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்குவதை அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் சொல்வேன். ஒருவர் அந்த எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இது அடங்கிடுமா?” என்று கேட்டார். 52 வயதில் முதல்முறையாகக் கேட்கிறார். ‘பயப்படாதீங்க’ என்று நூறு முறை சொல்வதைவிட அந்த இரண்டு நிமிடம் அதிக வேலை செய்கிறது.

அடுத்தது பார்வை. சத்துணவு அமைப்பாளரின் காலைக் கட்டியது இதுதான்.

இந்தக் காயம் சின்ன வயதிலேயே தொடங்குகிறது. பள்ளி விளையாட்டு வேளையில் எந்த அணியும் கூப்பிடாமல் கடைசியில் நின்ற பிள்ளை, பிறகு எந்த மைதானத்துக்குள்ளும் நிம்மதியாகக் கால் வைப்பதில்லை. நம் சினிமா நகைச்சுவை பல பத்தாண்டுகளாகப் பருமனான உடலைக் காட்டிக் காட்டியே சிரிக்க வைத்திருக்கிறது. எடையை வைத்து இழிவுபடுத்தப்பட்டவர்கள், அந்த இழிவைத் தாங்களும் நம்பத் தொடங்கிவிட்டால் உடற்பயிற்சியிலிருந்து ஒதுங்குகிறார்கள் என்று உளவியல் ஆய்வுகள் சொல்கின்றன. கேலி செய்தால் ரோஷம் வந்து இளைப்பார்கள் என்று நினைப்பது நம் சமூகத்தின் பெரிய மூடநம்பிக்கை. 2020-இல் நேச்சர் மெடிசின் இதழில் பல நாட்டு வல்லுநர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டு, இந்த இழிவு உடலையும் மனதையும் கெடுக்கிறது, மருத்துவத் துறைக்குள்ளேயே அது புகுந்திருக்கிறது என்று எழுதினார்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. தமிழில் நடை, நடத்தை இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. தண்ணீர்க் குடத்தோடு நடந்தால் குற்றமில்லை, பையோடு கடைக்கு நடந்தால் குற்றமில்லை. கையை வீசிக்கொண்டு, வேலை எதுவும் இல்லாமல், தனக்காக ஒரு பெண் தெருவில் நடந்தால் பத்துக் கண்கள் திரும்பும். சேலைக்குக் கீழே ஷூ தெரிந்தால் இன்னும் பத்து. ராத்திரி பத்து மணிக்கு மேல், எல்லோரும் தூங்கிய பிறகு, மொட்டை மாடியில் விளக்கைப் போடாமல் நடக்கும் ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். “தெருவுல நாய்க்குப் பயமில்லை மேடம், திண்ணையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் பயம்” என்றார். அவருடைய சீட்டிலும் ‘நடைப்பயிற்சி செய்வதில்லை’ என்றுதான் எழுதியிருந்தது.

கூச்சத்தால் வெளியே வராத உடல் துன்பங்களும் உண்டு. நடந்தால் தொடைகள் உரசிப் புண்ணாகின்றன. வேகமாக நடந்தால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறது. உள்ளாடை நனைந்துவிடுமோ என்ற பயத்தில் தெருமுனையோடு திரும்பிவிடுகிறார்கள். இதைக் கணவரிடம்கூடச் சொல்லாதவர்கள், கதவு திறந்தே கிடக்கும் ஓபி அறையில் மூன்று பேருக்கு முன்னால் நம்மிடம் சொல்வார்களா? சொன்னால் தீர்வு கையிலேயே இருக்கிறது. முழங்கால்வரை வரும் பருத்தி உள்ளாடை, வாசலின், இடுப்புக்குழித் தசைப் பயிற்சி. பத்து நிமிட வேலை. கேட்காததால் பத்து வருடம் வீணாகிறது.

மூன்றாவது, தோற்றுப்போன நினைவு. அறுவைக்கு வரும் யாரும் முதல்முயற்சியாக நம்மிடம் வருவதில்லை. ஜிம், பெல்ட், பொடி, பட்டினி, யூடியூப் டயட் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். “வருஷத்துக்கு ஃபீஸ் கட்டினேன், ஒம்பது நாள் போனேன்” என்றார் ஒரு கணினி நிறுவன ஊழியர். ஒவ்வொரு தோல்வியும் ‘உன்னால ஆகாது’ என்று ஒரு வரியை உள்ளே பதித்துவிட்டுப் போகிறது. 1977-இல் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்று எழுதினார். அவர் சொன்ன ஊற்றுகள் நான்கு: செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் வாய்ச்சொல், அந்த நேரத்து உடலுணர்வு. இவற்றில் முதலாவதுதான் வலியது. நாம் மூன்றாவதை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம். 45 நிமிடம் என்று எழுதிக் கொடுக்கும்போது, ஏற்கெனவே தோற்ற ஒருவர் கையில் இன்னொரு தோல்விக்கான சீட்டைக் கொடுக்கிறோம். நான்கு நிமிடம் என்று எழுதினால் அவர் ஜெயித்துவிட்டு வருவார்.

இன்னொன்றையும் மறக்கிறோம். அசைவது சுகமாக இருக்க வேண்டும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எக்கெகாக்கிஸ், லிண்ட் இருவரும் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உடலுழைப்புப் பழக்கமில்லாத பெண்களை முதலில் அவரவர் விருப்பமான வேகத்தில் நடக்கவிட்டார்கள். பிறகு அந்த வேகத்தை 10 சதவீதம் மட்டும் கூட்டினார்கள். எடை கூடிய பெண்களுக்கு இன்பம் சட்டெனச் சரிந்தது. மற்றப் பெண்களுக்குச் சரியவில்லை. வெறும் 10 சதவீதம்! ‘இன்னும் கொஞ்சம் வேகமா’ என்று நாம் தட்டிக்கொடுக்கும் அந்தக் கொஞ்சத்தில்தான் அவர் நடையை வெறுக்கக் கற்றுக்கொள்கிறார்.

நான்காவது, மனச்சோர்வு. 2016-இல் ஜாமா இதழில் வந்த தொகுப்பாய்வு, இந்த அறுவையை நாடுவோரிலும் செய்துகொள்வோரிலும் 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் 17 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடில்லாமல் அள்ளியுண்ணும் கோளாறும் இருப்பதாக மதிப்பிட்டது. ஐந்தில் ஒருவர்! காலையில் எழுந்து பல் துலக்கவே மலையைப் புரட்டுவதுபோல இருக்கும் ஒருவரிடம் ‘மனசு வச்சா முடியும்’ என்கிறோம். நோய்பட்டிருப்பதே அந்த மனசுதான். சோர்வு இருப்பதால் அசைவதில்லை, அசையாததால் சோர்வு கூடுகிறது. எது முந்தியது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கலாம். ‘நல்லா ஆனதும் நடக்கிறேன்’ என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்யவைத்து அதன்பின் மனம் சற்றே இலேசாவதை அவரே கவனிக்கச் சொல்வது உளவியலில் தேர்ந்த முறை. கூடவே தூக்கத்தையும் கேளுங்கள். குறட்டையும் மூச்சடைப்பும் இரவெல்லாம் எழுப்பிவிட, பகலில் கண் செருகி உட்கார்ந்திருப்பவரை வீடே தூங்குமூஞ்சி என்கிறது. அவருக்கு வேண்டியது தூக்கப் பரிசோதனையும் சி-பேப் கருவியும்.

கடைசியாக, காத்திருப்பு. ‘எல்லாம் ஆபரேஷனுக்கு அப்புறம்’ என்ற வாக்கியத்தை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். காப்பீட்டு அனுமதி வரட்டும், ஃபிட்னஸ் கிடைக்கட்டும், கல்லீரல் சுருங்கும் டயட் முடியட்டும் என்று வாழ்க்கையே ஒரு தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது. இதிலும் நமக்குப் பங்கு உண்டு. முன்னும் பின்னுமான இரண்டு படங்களை ஒட்டிவைத்து, நடுவில் கத்தி மட்டும்தான் இருக்கிறது என்று நம்பவைத்தது நாம்தான். அமெரிக்காவில் லாப்ஸ் என்ற பெரிய ஆய்வில் அசைவுமானி கட்டி அறுவைக்கு முன்னும் ஓராண்டுக்குப் பின்னும் அளந்தார்கள். பெரும்பாலோர் கூடுதலாக அசைந்தாலும் போதிய அளவை எட்டவில்லை. கால்வாசிப் பேர் முன்பைவிடக் குறைவாகவே அசைந்தார்கள். முன்னால் அதிகம் அசைந்தவர்தான் பின்னாலும் அதிகம் அசைந்தார். இரைப்பையைச் சுருக்கலாம். வாசற்படியைத் தாண்டவிடாத பயத்தை எந்த ஸ்டேப்ளரும் வெட்டி எடுக்காது.

அறுவை முடிந்து சில மணி நேரத்தில் நாம் நோயாளியை எழுப்பி நடக்கவைக்கிறோம். காலில் ரத்தம் உறையாமலிருக்கவும் நுரையீரல் விரியவும் அது அவசியம். பிறகு எடை வேகமாக இறங்கும் மாதங்களில் கொழுப்போடு தசையும் கரைகிறது. அசைவை ஏற்கெனவே பழகிய உடலும், அசைவைக் கண்டு அஞ்சாத மனமும் அந்த நாட்களுக்குத் தேவை. அதைத் தயார்செய்யக் கிடைக்கும் காலம் இந்தக் காத்திருப்புக் காலம்தான்.

இது நடக்கக்கூடியதா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் டேல் பாண்ட் குழுவினர் நடத்திய பாரி-ஆக்டிவ் ஆய்வு 2015-இல் வெளியானது. அறுவைக்குக் காத்திருந்த 75 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு குழுவுக்கு 6 வாரம், வாரம் ஒருமுறை நேருக்கு நேர் ஆலோசனை. எது தடுக்கிறது என்று பேசுவது, சின்ன இலக்கு வைப்பது, நடந்ததைத் தானே குறித்துக்கொள்வது, அவ்வளவுதான். அந்தக் குழுவில் தொடர்ச்சியான மிதவேக அசைவு ஒரு நாளைக்கு சராசரியாக 4 நிமிடம் சொச்சத்திலிருந்து 21 நிமிடமானது. வழக்கமான கவனிப்புக் குழுவில் 8 நிமிடம் போல இருந்தது அப்படியே இருந்தது. கூடிய அசைவு அறுவைக்குப் பின் ஆறு மாதம்வரை நிலைத்தது என்று பிறகு எழுதினார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே வேலை செய்யவில்லை. பேச்சுதான் வேலை செய்தது.

ஆகவே தோழர்களே, உங்களிடம் நான் வேண்டுவது சில காரியங்கள்.

முதல் சந்திப்பிலேயே, கதவைச் சாத்திவிட்டு, ஐந்து கேள்விகள் கேளுங்கள். நடக்கும்போது எது உங்களை முதலில் நிறுத்துகிறது, வலியா, மூச்சா, பயமா, யாராவது பார்ப்பதா? வலி வந்தால் உள்ளே என்ன ஆகிறது என்று நினைக்கிறீர்கள்? எங்கே, யார் முன்னால் நடக்கக் கூச்சமாக இருக்கிறது? கடைசியாக எப்போது ஆடி ஓடி மகிழ்ச்சியாக இருந்தீர்கள்? இந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல், மனம் கவிந்து கிடந்ததா? ஐந்தாவது கேள்விக்கு ஆமாம் என்றால் ஒன்பது கேள்விகள் கொண்ட பிஎச்கியூ-9 தாளை நிரப்பச் சொல்லுங்கள், மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். வீட்டுக்குப் போன பிறகு பேச ஆள் தேவைப்பட்டால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணைக் கொடுத்தனுப்புங்கள்.

நான்காவது கேள்வியைத் தவறவிடாதீர்கள். கிணற்றில் நீச்சலடித்த கதை, கும்மியடித்த கதை, பாண்டி ஆடிய கதை எல்லாம் வரும். முகம் மாறும். எந்த அசைவை அவர் விரும்புவார் என்ற துப்பு அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் வாக்கிங்தான் போக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பயிற்சிதான். வீட்டுக்குள் பழைய பாட்டு ஒன்றுக்கு ஆடுவதும் பயிற்சிதான்.

இலக்கைச் சிறிதாக வையுங்கள். 2023 நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் நம்மிடம் வருபவருக்கு முதல் இலக்கு தெருமுனைப் பால் பூத்தாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் தன் 2020 வழிகாட்டியில், குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து அசைந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. கொஞ்சம் அசைவதும் அசையாததைவிட மேல் என்கிறது. வேகத்தை அவரே முடிவு செய்யட்டும். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அது சரியான வேகம்.

நம் இடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி இருக்கிறதா? எடை மெஷின் 200 கிலோவரை காட்டுமா, இல்லை ‘எரர்’ என்று பலர் முன்னால் கத்துமா? ரத்த அழுத்தப் பட்டை கையைச் சுற்றி வருமா? எடையை உரக்கச் சொல்லி எழுதுகிறோமா? நடைச் சோதனையைக் கூட்டமில்லாத நேரத்தில் வைக்க முடியாதா? ‘தேஞ்சு போச்சு’ என்பதை இன்றோடு விட்டுவிட்டு, ‘மூட்டு விறைச்சிருக்கு, அசைக்க அசைக்க இளகும்’ என்று சொல்ல முடியாதா?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இவ்வளவையும் படித்துவிட்டு, ‘நடக்காதவருக்கு அறுவை கிடையாது’ என்று யாரும் புது விதி போட்டுவிடாதீர்கள். பயத்தையும் சோர்வையும் கண்டுபிடிப்பது அவருக்கு உதவத்தான், வடிகட்டித் தள்ளிவிட அல்ல. சர்க்கரையும் இதயமும் காத்திருக்காது. அறுவைக்கான தகுதி ஒரு பக்கம் நடக்கட்டும், கூடவே இந்த வேலையும் நடக்கட்டும்.

சத்துணவு அமைப்பாளரின் கேஸ் ஷீட்டில் நான் எழுதியிருந்த ‘முயற்சி போதாது’ என்பதை அன்று மாலையே அடித்துவிட்டு, கீழே வேறு எழுதினேன்: ‘ஆட்கள் பார்த்தால் நிற்கிறார். தனிமையில் முழுதாக நடக்கிறார்.’ அடுத்த ஆறு வாரமும் அவருக்கு மாலை நேரத்தை ஒதுக்கினோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் பள்ளி மைதானத்தில் நடக்கலாம் என்பது அவரே சொன்ன யோசனை. அறுவை நடந்த அன்று மாலை, படுக்கையிலிருந்து எழுப்பப் போனபோது நான் கை நீட்டும் முன்பே காலைக் கீழே ஊன்றியிருந்தார். வார்டில் ஆட்கள் இருந்தார்கள். பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அவர் நடந்தார்.

அடுத்த ஓபி நாளில், அந்தப் பழைய வரியை எழுதும் முன் பேனாவைக் கீழே வையுங்கள். “நடக்கும்போது எது உங்களை நிறுத்துதுன்னு சொல்லுங்கம்மா” என்று கேளுங்கள். பதில் முழுவதும் வரும்வரை பேனாவை எடுக்காதீர்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தியான
ஓர் இயன்முறை மருத்துவர்